திருப்பிக் கட்டிய ஸ்டேஷன்

எங்கள் வீட்டு முன்னறையில் இருப்பது ஒரே ஒரு ஜன்னல். ஆனால் கிழக்குப் பார்த்த ஜன்னல். காலையில் அதன் வழியாக வருகிற வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்க எனக்கு மூக்குக் கண்ணாடி வேண்டாம். காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்ததிலிருந்து அந்த ஜன்னலுக்கு அடியில்தான் என் மேஜை. அந்த மேஜையையும் என்னையும் சேர்த்து வீட்டின் பின்பக்கத்து இருட்டறைக்குத் தள்ளிவிட என் வீட்டுக்காரர் திட்டம் போட்டது போன வருஷம்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. நாங்கள் பட்டுத் தறிக்காரக் குடும்பம். புடவைக்கான டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைவது நான். அதைப் பார்த்து ஜக்கார்டு பெட்டிக்கு அட்டையில் ஓட்டை அடிப்பது அவர். ஓட்டைக்குத் தகுந்தபடி தறியில் இழை தூக்கும், புடவையில் பூ விழும். இவ்வளவு காலமும் கையால் அடித்தவர், கம்ப்யூட்டரில் ஓடுகிற புது மிஷினுக்குச் சொல்லி வைத்துவிட்டார். அதைத் தெருவிலிருந்து நேராக இறக்கி வைக்க அகலமான வாசல் வேண்டும். அது முன்னறைக்குத்தான் இருக்கிறது.

"கிராஃப் போடுறதுக்கு எங்க உக்காந்தா இன்னா?" என்றார். "பொம்ம வூடு கட்டுறதுக்கு ஜன்னலோட ரூம் கேக்குதா உனுக்கு?"

பொம்மை வீடு என்ற வார்த்தை என் காதில் விழுந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இது ஊருக்கே தெரிந்த விஷயம்.

நான் கட்டிக்கொண்டிருந்தது பொம்மை வீடு கிடையாது. ரயில்வே ஸ்டேஷன். அது எப்படி என் மேஜைக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பணி ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், பேத்தி கல்யாணத்துக்குத் தன் மனைவி கட்டிக்கொள்ளப் பட்டுப்புடவை நெய்யச் சொல்லி வந்தார். பார்டரில் யானையும் மயிலும் வேண்டாமாம், ரயில் ஓட வேண்டுமாம். பழைய கரி எஞ்சின், பின்னால் பெட்டிகள். நானும் வரைந்தேன். புடவையை விரித்துப் பார்த்தவர் இரண்டு பெட்டிகளைச் சேர்க்கிற கொக்கியைத் தடவிப் பார்த்து, "இதக்கூட விடலியாம்மா நீங்க?" என்று குழந்தை மாதிரிச் சிரித்தார்.

அன்றைக்குத்தான் அவருடைய இன்னொரு வாழ்க்கை எனக்குத் தெரிந்தது. சென்னையில் அவரும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து மேஜை மேல் ஒரு ரயில் பாதையே போட்டிருக்கிறார்கள். நிஜத்தில் எண்பத்தேழு அடி நீளம் என்றால் அங்கே ஓர் அடி. ரயிலைக் கடையில் வாங்கிவிடலாம், நம்மூர்க் கட்டிடம் கடையில் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் பனி விழுகிற தேசத்து வீடுகள். "எங்க ரயில் கிளம்புறது தமிழ்நாட்ல, போய் நிக்கிறது ஜெர்மனில" என்றார். பார்டரில் ரயில் ஓட்டிய கை கட்டிடமும் கட்டுமா என்று கேட்டார். கட்டும் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

முதலில் ஒரு டீக்கடை கட்டிக் கொடுத்தேன். பிறகு கேட் கீப்பர் குடிசை, தண்ணீர்த் தொட்டி, இரண்டு பக்கமும் வீடுகள் உள்ள ஒரு தறிக்காரத் தெரு. சுவருக்கு என் வீட்டுக்காரர் கழித்துப்போட்ட ஜக்கார்டு அட்டைகளையே எடுத்துக்கொண்டேன். நல்ல கெட்டி அட்டை, இரண்டு மூன்றை ஒட்டினால் பலகைதான். ஜன்னல் கம்பிக்குக் கஞ்சி போட்டு விறைக்க வைத்த பட்டு இழை. தெரு விளக்குக் கம்பத்துக்கு ஊதுவத்திக் குச்சி. ஒவ்வொன்றையும் அனுப்பும்போது அவரிடமிருந்து போன் வரும், நானும் அன்றைக்கு முழுக்கச் சமையலறையில் பாடிக்கொண்டிருப்பேன்.

கடைசியாகத்தான் ஸ்டேஷனைக் கேட்டார். அவர் சின்ன வயதில் முதன்முதலாக வேலைக்கு உட்கார்ந்த இடம், இந்தப் பக்கத்தில் மீட்டர் கேஜ் காலத்துக் குட்டி ஸ்டேஷன். அகலப் பாதை போட்டபோது இடித்துவிட்டார்கள். அவரிடம் மிஞ்சியிருந்தவை வெளுத்துப்போன சில போட்டோக்கள். எனக்கு முன்னால் இரண்டு பேர் கட்டிக் கொடுத்து, இரண்டையும் அவர் திருப்பி அனுப்பியிருந்தார். "பாக்க அழகாத்தான் இருந்துச்சு. ஆனா நான் வேல பாத்த எடம் இல்லம்மா" என்றார். காஞ்சிபுரத்திலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் அவர்கள் ரயில் கண்காட்சி வைப்பதாக இருந்தது. அதில் இந்த ஸ்டேஷனில் ரயில் நிற்க வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் முன்னறைச் சண்டை. நான் மேஜையில் ஓங்கித் தட்டிச் சொன்னேன்: "கண்காட்சில என் ஸ்டேஷன அந்த சார் ஏத்துக்கினு தண்டவாளத்துக்குப் பக்கத்துல வெச்சாருன்னா, இந்த ரூம் என்னுது. அப்பறம் வாயே தொறக்கக்கூடாது. வெக்கலியா, நானே மேஜைய தூக்கிக்கினு பின்னால போறேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"நீங்க மாறாம இருங்க, போதும்."

அவர் சிரித்துக்கொண்டே மிஷின்காரருக்குப் போன் போட்டு, கண்காட்சி முடிந்து கொண்டுவந்தால் போதும் என்றார். நான் ஜெயிக்கப்போவதில்லை என்று அந்தச் சிரிப்பில் நன்றாகவே தெரிந்தது.

வெறியோடு கட்டினேன். போட்டோவில் நுழைவாசலுக்கு இடப்பக்கம் டிக்கெட் கவுன்டர். வலப்பக்கம் ஸ்டேஷன் மாஸ்டர் அறை. அதற்கும் அப்பால், ஒட்டினாற்போலச் சார்ப்பு இறக்கி, சிக்னல் விளக்குகள் வைக்க ஒரு விளக்கு அறை. போட்டோவைச் சுவரில் ஒட்டிவைத்து, கட்டம் போட்ட தாளில் அளந்து வரைந்து, அட்டையில் வெட்டி, ஒட்டி, மேலே வெள்ளைத் தாள் போர்த்தி, காவியும் மஞ்சளும் அடித்தேன். ஓடு ஒவ்வொன்றும் அரிசியளவு. வேலை நடக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் சார் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அனுப்பவில்லை. பாதி நெய்த புடவையை வாங்குகிறவருக்குக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம் இல்லை. தறியிலிருந்து அறுத்து, மடித்து, மஞ்சள் வைத்துத்தான் கொடுப்போம். நடுவில் காட்டினால் கண் பட்டுவிடும், இழை அறுந்துகொண்டே இருக்கும் என்பார்கள். ஸ்டேஷனில் அறுந்துபோக இழை எங்கே இருக்கிறது? ஆனாலும் மனசு கேட்கவில்லை.

முடிந்தபோது தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு அக்கா குனிந்து கவுன்டருக்குள் எட்டிப் பார்த்து, "அய்யே, உள்ள பூந்து டிக்கெட்டே வாங்கலாம் போல இருக்குதேமா!" என்றாள். என் வீட்டுக்காரர்கூட போட்டோவையும் ஸ்டேஷனையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "அச்சு அசலா இருக்குது" என்று முணுமுணுத்தார். முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் சார் வந்தார். தண்ணீர் குடித்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், குனிந்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பாராட்டுக்காகத் தயாராக நின்றேன்.

"மொகம் பாக்குற கண்ணாடி ஒண்ணு இருக்குமாம்மா?" என்றார்.

இது என்ன கேள்வி என்று நினைத்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதை ஸ்டேஷனுக்கு எதிரே பிடித்தார். கண்ணாடிக்குள் தெரிந்தது அவருடைய ஸ்டேஷன். டிக்கெட் கவுன்டர் இடப்பக்கம், விளக்கு அறை வலக்கோடியில். மேஜையில் நின்றதில் எல்லாம் இடவலம் மாறியிருந்தது. கவுன்டர் வலப்பக்கம், விளக்கு அறை இடக்கோடியில்.

என்ன நடந்தது என்று அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டுத் தறிகளில் புடவையின் நல்ல பக்கம் கீழே பார்த்திருக்கும், நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது பின்பக்கம். அதனால் முந்தியில் பெண் மாப்பிள்ளை பேரை நெய்யச் சொன்னால் எழுத்தைத் திருப்பித்தான் வரைவேன். பார்டரில் ரயில் வலப்பக்கமாகப் போக வேண்டுமென்றால் தாளில் இடப்பக்கமாகப் போகும். இருபது வருஷமாக இதைச் செய்த கை. போட்டோவைப் பார்த்தது, தன்பாட்டுக்குத் திருப்பி வரைந்துவிட்டது. பார்க்க வந்த தெருவும் தறிக்காரத் தெரு. என் வீட்டுக்காரர் திருப்பி வரைந்ததை நாள் முழுக்கப் பார்த்து ஓட்டை அடிக்கிறவர். எங்களுக்கெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். முன்னால் செய்துகொடுத்த டீக்கடையிலும் டீ மாஸ்டர் பொம்மை இடது கையால்தான் டீ ஆற்றியது. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார் அவர். குரல் தாழ்ந்திருந்தது. "அந்தக் கதவுலேர்ந்து கொடி எடுத்துக்கிட்டு ஓடினவன் நான். கால் தானா வலது பக்கம் போவுது. இங்க அந்தப் பக்கம் கதவே இல்ல."

"ஒரு வாரம் இருக்குது சார்."

"ஒரு வாரத்துல இன்னொண்ணு கட்ட முடியாதும்மா. கொண்டாங்க, பாக்கறேன். ஆனா மனசுக்குப் படலேன்னா அந்த எடத்த காலியாவே விட்டுடுவேன்."

அவர் கிளம்பிப் போனார். என் வீட்டுக்காரர் கிண்டல் எதுவும் செய்யவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மெதுவாக, "சரி விடு. பின்ரூம்ல நல்ல லைட்டா போட்டுத் தரேன்" என்றார்.

"வாய மூடிக்கினு போறீங்களா இல்லியா!" என்று கத்தினேன். அவர் போய்விட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாதக்கணக்காக முதுகு ஒடியக் குனிந்து கட்டியது. அதை வைத்துக்கொண்டு இனி என்ன செய்ய? கூரையை மூடி மாதிரித் தூக்கி எறிந்தேன். முன்சுவரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். அது முழுசாகக் கையோடு வந்துவிட்டது. சுக்கு நூறாக்கிவிடலாம் என்று அதைத் திருப்பிப் பிடித்தேன், பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சுவரின் உட்பக்கம் என்னைப் பார்த்தபடி இருந்தது. அதில் டிக்கெட் கவுன்டர் இடப்பக்கம் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் அறைக் கதவு வலப்பக்கம் இருந்தது.

அட, மடச்சி! புடவையைத் தறியிலிருந்து இறக்கினால் என்ன செய்கிறோம்? திருப்பித்தானே போடுகிறோம். ஒவ்வொரு சுவரையும் கழற்றி, உள்ளே இருப்பதை வெளியே திருப்பி, இடப்பக்கச் சுவரை வலப்பக்கம் கொண்டுபோய் ஒட்டினால் ஸ்டேஷன் நேராகிவிடும். கதவும் ஜன்னலும் வெட்டியது வெட்டியபடி இருக்கட்டும். வெளிப்பூச்சு ஒன்றுதான் புதிதாகச் செய்ய வேண்டும். நான் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டு என் வீட்டுக்காரர் பயந்துபோய் ஓடிவந்தார். அழுத கண்ணோடு சிரித்தால் யாருக்குத்தான் பயம் வராது?

கடையில் விற்கிற உடனே ஒட்டுகிற பசை போட்டிருந்தால் கதை கந்தலாகியிருக்கும். அந்த வாசனை எனக்குத் தலைவலி தரும் என்பதால் தச்சர்கள் காய்ச்சுகிற வஜ்ரப் பசையைத்தான் போட்டிருந்தேன். சூட்டுக்கும் ஆவிக்கும் அது இளகிவிடும். இட்லிக் குண்டானில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டேன். மீதி மூன்று சுவரையும் ஆவியில் காட்டிக் காட்டிப் பிரிக்க வேண்டும். என் கை சூடு தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, "தள்ளு" என்று சொல்லிவிட்டுத் தானே பிடித்துக்கொண்டார்.

"இன்னாங்க இது? நீங்க எதிர்க்கட்சியாச்சே?"

"நீ தோத்தா ஸ்டேஷன் நல்லா இல்லாம தோக்கணும். இட்லிப் பானை ஆவில சுவரு பாழாயி தோத்தியோ, கூட ஒரு கை புடிக்கலன்னு நாளைக்கு என்ன திட்டுவ. ஆயுசுக்கும் திட்டுவ" என்றார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் இட்லியே கிடையாது. ஈரமான சுவர்களை அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்து நேராக்கினேன். இப்போது வெளியே வந்த பக்கம் ஜக்கார்டு அட்டையின் வெறும் முகம், முழுக்க ஓட்டை. சாக்பீஸ் தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன். காயக் காய ஓட்டை இருந்த இடமெல்லாம் லேசாக உள்வாங்கியது. முதலில் ஐயோ என்று அடித்துக்கொண்டேன். மேலே காவி அடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், மழையில் பல வருஷம் ஊறிப் பொரிந்த சுண்ணாம்புச் சுவர் என் மேஜையில் நிற்கிறது. முன்னால் கட்டியது நேற்றுத் திறப்பு விழா நடந்த கட்டிடம் மாதிரிப் பளபளவென்று இருந்தது. இதைப் பார்த்தால் இங்கே வருஷக்கணக்காக ஜனங்கள் சாய்ந்து நின்றிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஜன்னல் கம்பிகளையும் கதவுகளையும் பழைய பக்கத்திலிருந்து பிரித்துப் புதுப் பக்கத்தில் பதித்தேன். விளக்கு அறை வலக்கோடிக்குப் போனது. கூரையை மேலே வைத்தபோது சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது.

கல்யாண மண்டபத்தில் நல்ல கூட்டம். நாற்காலிகளை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு, சாப்பாட்டுக் கூடத்தின் நீளத்துக்கு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு மலையும் வயலும் பாலமுமாக ஒரு ஊரே உண்டாக்கியிருந்தார்கள். நான் கட்டிய டீக்கடை இருந்தது, தறிக்காரத் தெரு இருந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓரிடம் மட்டும் வெறும் பலகையாக இருந்தது. புடவைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன ஸ்டேஷனை வெளியே எடுத்தேன். என் வீட்டுக்காரர் காலிப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் சார் அதைக் கையில் வாங்கவில்லை. "நீங்களே வெச்சிக் காட்டுங்க" என்றார். வைத்தேன். அவர் முட்டிபோட்டு, கண்ணைத் தண்டவாளத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்தார். அவர் பார்வை வாசலிலிருந்து இடப்பக்கம் கவுன்டருக்குப் போனது, வலப்பக்கம் தன் அறைக் கதவுக்கு வந்தது, அங்கேயே நின்றது. ஒரு விரலை நீட்டிப் பொரிந்த சுவரைத் தொட்டார். பிறகு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"உள்ள இன்னாம்மா, வெளிச்சுவர் மாதிரி பெயின்ட் அடிச்சிருக்கு?"

"அது போன வாரம் நீங்க பாத்த ஸ்டேஷன் சார். அப்படியே உள்ளார திருப்பிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விடுப்பா வண்டிய!" என்று நண்பரைப் பார்த்துக் கத்தினார்.

பாலத்தைத் தாண்டி, வயலைச் சுற்றி, தறிக்காரத் தெருவுக்குப் பின்னால் மறைந்து, ரயில் வந்து என் ஸ்டேஷனில் நின்றது. அவர் நிமிர்ந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து பச்சைக் கைக்குட்டையை உருவி வலது கையைத் தூக்கி ஆட்டினார். வண்டி கிளம்பியது. கூட்டம் கை தட்டியது. யாரோ விசில்கூட அடித்தார்கள். ஜெயித்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரரைத் தேடினேன். அவர் தூணோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போகப் போகக் குரல் கேட்டது.

"மிஷின நாளைக்கே எறக்குபா. ஆனா முன்ரூம்ல வாணாம், பின்னால சுவர இடிச்சி வழி பண்ணித் தரேன். ... முன்ரூம்லியா? அங்க எடம் ஏதுபா? எங்க வூட்டம்மா அங்க ஸ்டேஷன் கட்டிக்கினு இருக்குது."